திருநாவுக்கரசு கிணற்றுத் தண்ணீர்

"டேங்கருக்குச் சொல்லிருவமா அண்ணாச்சி? இல்ல, மேட்டு வீட்டுக் கெணத்துலயே எடுத்துருவமா?" என்று முருகையா மறுபடியும் கேட்டபோது நாகலிங்கம் சலவை வேட்டியை உடுத்திக்கொண்டிருந்தார்.

வேட்டியின் மடிப்பு நேராக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வீட்டில் சாவு விழுந்த நாளிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கூடத்தில் சொர்ணம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் பால் காய்ச்சப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்ல, அடுப்பை அணைச்சிருங்க" என்றாள். அவர் அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தலை நிலைக்கட்டையில் சாய்ந்துவிட்டது. நாற்பத்தைந்து வருடக் குடும்பத்தில் அவள் அவருக்கு இட்ட கடைசி வேலை அதுதான்.

இப்போது நெற்றி நிறையக் குங்குமமும் கை நிறைய வளையலுமாகப் படுத்திருந்தாள். மகள் திவ்யா தலைமாட்டில் இருந்தாள். போர்ட் பிளேயர் குட்வில் எஸ்டேட்டிலிருந்து செய்தி கேட்ட வேகத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தவளின் நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு இன்னும் மறையவில்லை. மருமகன் கப்பலில் இருந்தான். ஆண் பிள்ளை கிடையாது. காரியங்களை நாகலிங்கமே செய்ய வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கப்பலேறி அந்தமானுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்தக் குடும்பம் விடாத வழக்கங்களில் நீர்மாலை ஒன்று. இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரைக் கொள்ளி வைக்கிறவரும் பங்காளிகளும் நடந்துபோய்க் குளித்து, ஈரத்துணியோடு எடுத்து வர வேண்டும். நாலு பேர் வேட்டியை மேலே விரித்துப் பிடிக்க, சங்கு முன்னால் ஊத, குடம் தரையில் படாமல் வீடு வர வேண்டும். நாகலிங்கத்தின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நீர்மாலை எடுத்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில்தான். அப்பா திருநாவுக்கரசு வெட்டிய கிணறு. சௌல்தாரி கிராமத்தில் அந்தச் சந்து முழுக்க, தமிழர், பெங்காலி, தெலுங்கர் என்று பாராமல் குடித்து வளர்ந்த தண்ணீர்.

அந்தக் கிணற்றின் மேல்தான் பல வருடங்களாகப் பூட்டிய இரும்பு மூடி கிடக்கிறது. மூடியில் சிவப்புப் பெயிண்டால் இந்தியிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது: இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது.

"பூட்டை உடைங்கல" என்றார் நாகலிங்கம்.

முருகையா, சித்தப்பா மகன், அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழகாதவர். திவ்யாவின் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா."

"திருநாவுக்கரசு வீட்டுக்கு நீர்மாலை டேங்கர்ல வராது. இன்னொருத்தன் வீட்டுக் கெணத்துலயும் எடுக்க மாட்டோம். உங்கம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்தவ. இந்த வீட்டுத் தண்ணியிலதான் போகணும்."

"அம்மா ஒத்துக்க மாட்டா. ஒரு வாளி எடுக்க யாரையும் விட்டிருக்காளா? சாவியை யாரு கையிலயும் குடுத்ததில்ல. இன்னிக்கி ஜித்துப் பிடிச்சு அடம் பண்ணாதீங்கப்பா."

சாவி அம்மாவின் முந்தானையில் முடிந்திருந்தது. திவ்யா அதை அவிழ்க்கவில்லை. நாகலிங்கமும் அவிழ்க்கச் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் சாயவில்லை.

பின்பக்கம் மோட்டார் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மூடிக்குள்ளிருந்து தண்ணீரை உறிஞ்சி, மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியாகக் கீழே ஓடைக்கரைக்கு அனுப்பும் மோட்டார். இரவும் பகலும் ஓடும். அந்தச் சத்தம் அவர் காதுக்கு எப்போதும் முணுமுணுப்பாகத்தான் கேட்டது, ஊர் அவரைப் பற்றி முணுமுணுப்பதுபோல.

ஓடைக்கரையில் முன்பு மருந்துப் பட்டறை இருந்தது. மரங்களைச் செல்லரிக்காமல் இருக்க மருந்துத் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற இடம். முதலாளியை மெயின்லேண்டிலிருந்து அழைத்து வந்து, தன் நிலத்தில் இடம் கொடுத்து, திறப்பு விழாவில் நாடா வெட்டியவர் திருநாவுக்கரசு. அவர் பெயர் பொறித்த கல்லை வாசலில் பதித்தார்கள். ஊருக்குத் தொழில் கொண்டுவந்த மனிதர் என்று எல்லாரும் கும்பிட்டார்கள். பிறகு மரம் வெட்டுவதற்குத் தடை வந்தது. முதலாளி ஒரு நாள் கப்பலேறினார், திரும்பவில்லை. தொட்டியும் அதற்குள் இருந்த மருந்தும் அப்படியே கிடந்தன. தொட்டியின் அடி எப்போது ஓட்டை விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. கசிந்த மருந்து, இறைக்க இறைக்க, மண்ணுக்கடியில் சுற்றுக் கிணறுகளின் ஊற்றை எட்டியது.

முதலில் தெரிந்தது நாகலிங்கத்தின் வேட்டியில்தான்.

துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி இல்லாமல் வெளிவாசலுக்குக்கூட வராத மனிதர். அந்த வெள்ளை மெல்ல மெல்ல மஞ்சளடிக்க ஆரம்பித்தது. சோப்பை மாற்றச் சொன்னார், சொர்ணம்மா மாற்றினாள். நீலம் போடச் சொன்னார், போட்டாள். மஞ்சள் போகவில்லை. பக்கத்துப் பெங்காலிக்காரர் மண்டல் வீட்டில் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கையெல்லாம் புண் வந்தது. எதிர்வீட்டில் இரண்டு பேருக்கு வயிறு சரியில்லை. ஒரு நாள் அவர் பாக்குத் தோட்டத்தில் இருந்த நேரம் பார்த்து, சொர்ணம்மா வேட்டியையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் பையில் போட்டுக்கொண்டு போர்ட் பிளேயருக்கு பஸ் ஏறினாள். அதிகாரியின் மேசையில் வேட்டியை விரித்தாள்.

"இது எங்க வீட்டுக்காரர் வேட்டி. அவர் குடிக்கிற தண்ணியிலதான் இதத் தொவச்சேன்" என்றாளாம்.

அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த வாரமே ஜீப் வந்தது.

"என் வேட்டியக் கொண்டு போயி ஊர் ஆபீசுல விரிச்சிருக்கே" என்றார் நாகலிங்கம். அதன்பின் மழைக்காலம் முடியும்வரை அவளோடு பேசவில்லை. திருநாவுக்கரசு கிணறு விஷக் கிணறு என்று பெயரெடுத்தது. காது கேட்கச் சொன்னவர்களும் உண்டு. சுத்தப்படுத்த வந்த ஆட்களை அவர் வாசலிலேயே மறித்தார். எங்கப்பா வெட்டின கெணத்துல எவனும் கை வைக்கக் கூடாது என்றார். சொர்ணம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது, "நாளைக்கு ஜங்லிகாட் மீன் மார்க்கெட் போயி கொடுவாக் கருவாடு வாங்கிட்டு வாங்களேன். சாயங்காலம் வந்தாப் போதும்" என்றாள்.

பரணில் கருவாடு இருந்தது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். சாயங்காலம் வந்தபோது கிணற்றின் மேல் மூடி இருந்தது, மோட்டார் இருந்தது. சமையல் மேடையில் கழுவிய டம்ளர் ஒன்று கூடுதலாகக் கவிழ்ந்திருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தண்ணீரைப் பரிசோதிக்க ஆள் வரும் நாளிலெல்லாம், சொர்ணம்மா கருவாடு கேட்டாள். அவரும் போய் வந்தார். அந்த வீட்டில் கருவாட்டுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

வாசலில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது.

இறங்கிய பெண்ணின் கையில் பரிசோதனைத் தண்ணீர் எடுத்துப் போகும் ஐஸ் பெட்டி இருந்தது. வாசலில் கட்டியிருந்த தார்ப்பாயையும் கூட்டத்தையும் பார்த்தவள், பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகுதான் கூடத்துக்குள் யார் கிடக்கிறார்கள் என்று கண்ணில் பட்டது.

"ஆன்ட்டியா?" என்றாள். உதடு கோணியது.

திவ்யா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "காலைலதான் வைஜெயந்தி."

அப்போதுதான் நாகலிங்கத்துக்கு நினைவு வந்தது. நேற்று ராத்திரி சொர்ணம்மா கருவாடு கேட்டிருந்தாள்.

வைஜெயந்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் சொர்ணம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். வெளியே வந்து அவர் முன்னால் நின்றாள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அவருக்கு எதிரே வந்திருக்கிறாள். அன்று 'அங்கிள்' என்று சொல்லி அவர் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தியவள்.

"மாஃப் பண்ணுங்க சார். எனக்குத் தெரியாது. நான் வாபஸ் போய்ட்டு இன்னொரு நாள் வரேன்."

"இரும்மா" என்றார்.

முருகையா நிமிர்ந்து பார்த்தார். அண்ணாச்சி அந்தப் பெண்ணை அம்மா என்று சொன்னது அவர் காதுக்குப் புதிது.

"கெணத்துத் தண்ணி இப்ப எப்பிடி இருக்கு?"

"கம்மியாயிட்டே வருது சார். போன ரெண்டு தடவையும் நல்லா வந்துச்சு. ஆனா இன்னும் சில தடவை தொடர்ந்து வந்தாத்தான் மூடியை எடுக்க விடுவாங்க."

"இவளைக் குளிப்பாட்ட ஒரு கொடம். அவ்வளவுதான்."

வைஜெயந்தி மோட்டார்ச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். அவர் கேட்டது எளிய விஷயம். சரி என்று சொல்லிவிட்டால் அங்கே யாரும் அவளைக் குற்றம் சொல்லப்போவதில்லை.

"மூடியத் திறந்து எடுக்கறதுக்கு நான் சரின்னு சொல்ல முடியாது சார். தொடுறது நீங்க எல்லாரும்தானே. ஆன்ட்டி இருந்தா என்னை விரட்டியிருப்பாங்க."

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நாகலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இறுகியது கோபத்தால் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"ஆனா சார்," என்றாள் வைஜெயந்தி, "உங்க கிணத்துத் தண்ணிதானே கீழ ஷெட்டுக்கு வருது. மருந்தைப் பிரிச்சு, கழுவி, அந்தப் பக்கம் குழாயில சுத்தமா விழுது. அதை வாராவாரம் டெஸ்ட் பண்றேன். அந்தத் தண்ணிக்கு நான் பொறுப்பு. நீங்க அங்க எடுக்கலாம்."

"அதுல ஊருக் கெணறு பூராவும் கலந்துல்லா வரும்?" என்றார் முருகையா.

"நாலு கிணறு வருது. மத்த மூணு வால்வை மூடிட்டு இவங்க லைனை மட்டும் விடுறேன். டேங்க்ல இருக்கற பழைய தண்ணி போறதுக்குக் கொஞ்சம் நேரமாகும். அதுவரைக்கும் இருந்தீங்கன்னா, வர்றது இந்த வீட்டுத் தண்ணியாத்தான் இருக்கும்."

எல்லாரும் நாகலிங்கத்தைப் பார்த்தார்கள். பழைய பட்டறை இருந்த இடத்தில் கட்டிய அந்தச் சுத்திகரிப்பு ஷெட்டுக்கு 'சாக்கடை அலசுற ஷெட்' என்று அவர் பெயர் வைத்திருந்தார். பட்டறை மூடிய நாளிலிருந்து ஓடைக்கரைப் பக்கம் போனவரில்லை. பஸ்ஸுக்குக்கூட மேட்டு வழியாகச் சுற்றித்தான் போவார்.

"போயி வால்வை மூடும்மா" என்றார். "நாங்க வாரோம்."

சங்குக்கு ஆள் இருந்தது, சங்கு இல்லை. போர்ட் பிளேயரிலிருந்து வரவேண்டியது வந்துசேரவில்லை. மண்டலின் மனைவி தன் வீட்டுப் பூஜைச் சங்கைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு வந்தாள். அவர்கள் வழக்கத்தில் சங்கு கல்யாணத்துக்கும் பூஜைக்கும்தான். சாவுக்கு ஊதினால் ஆகாது என்று அவள் மாமியார் தடுத்தாளாம்.

"லே ஜாவோ தாதா" என்று, எடுத்துப் போகச் சொல்லி நாகலிங்கத்திடம் நீட்டினாள். புடவையை விலக்கி முன்கையைக் காட்டினாள். ஒரு காலத்தில் புண்ணாக இருந்த இடத்தில் தோல் மினுமினுப்பாக இருந்தது. "யே ஹாத் சொர்ணா தீதி நே தியா" என்று சொல்லி அழுதாள். இந்தக் கையை அவள்தானே கொடுத்தாள்.

நாகலிங்கம் சங்கை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

சரிவில் இறங்கிப் போனார்கள். முருகையாவும் பங்காளிகளும் வேட்டியை நாலு முனையில் பிடித்துக்கொண்டார்கள். அதற்கடியில் நாகலிங்கம் பித்தளைக் குடத்தைத் தோளில் வைத்து நடந்தார். பாக்கு மரங்களுக்கு நடுவே சங்கு ஊதிற்று. பெங்காலி வீடுகளில் பெண்கள் வாசலுக்கு வந்து தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள்.

ஷெட் அவர் நினைத்திருந்ததுபோல் இல்லை. தகரக் கூரை, வரிசையாக நீலத் தொட்டிகள், கூட்டிப் பெருக்கிய சிமெண்டுத் தரை. நாற்றம் எதுவும் இல்லை. பின்பக்கம் ஒரு குழாயிலிருந்து கைப் பருமனில் தண்ணீர் ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. வைஜெயந்தி வால்வுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போகணும் சார்."

காத்திருந்தார்கள். பழைய தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நாகலிங்கத்தின் கண் அப்பாவின் கல்லைத் தேடியது. வாசலில் அது இருந்த இடத்தில் சிமெண்டு பூசியிருந்தது. உடைத்துத்தான் போட்டிருப்பார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தார். பிறகு, உள்ளே சுவரோரமாகச் சாக்கு விரித்து அதன்மேல் ஒரு கல் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஓரத்தில் இருந்த வெட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சின்ன வயதில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து அப்பாவிடம் அடி வாங்கிய கல்.

வைஜெயந்தி அவர் பார்வையைக் கவனித்தாள்.

"அதை ஒடைச்சு தரைக்குப் போடப் போனாங்க சார். ஆன்ட்டி வந்து சண்டை போட்டு நிறுத்திட்டாங்க. வர்ற ஆளுங்க எல்லாம் பேரைப் படிச்சுட்டு ஏதாச்சும் பேசுவாங்க, அவர் காதுல விழும்னு சொல்லி அந்தப் பக்கம் திருப்பி வெச்சாங்க. வரும்போதெல்லாம் தூசி தட்டிட்டுப் போவாங்க."

முருகையா வேட்டி முனையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ உங்க தண்ணி சார்" என்றாள் வைஜெயந்தி.

நாகலிங்கம் வேட்டியோடு குழாய்க்கு அடியில் போய் நின்றார். தலையில் விழுந்தது. கிணற்று வாளியை அப்பா தலையில் கவிழ்த்த காலத்துக் குளிர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். முகத்தில் வழிந்தது எல்லாம் ஒரே தண்ணீராக இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பங்காளிகளும் நனைந்து முடித்த பிறகு திருநீறு பூசி, குடத்தை விளிம்புவரை நிரப்பித் தோளில் ஏற்றினார்.

ஷெட் வாசலில் நின்றார்.

"ஏம்மா, அந்தக் கல்லை இந்தப் பக்கமாத் திருப்பி வைக்கச் சொல்லு."

"சார்?"

"எங்கப்பா பேருதான. தெரியட்டும்."

சங்கு மறுபடி ஊதிற்று. மேட்டில் ஏறும்போது முருகையா, "கொடத்தை நான் கொஞ்சம் வாங்கிக்கிடட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். "வேண்டாம்ல" என்றார் நாகலிங்கம். ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. மடிப்பு எங்கே விழுகிறது என்று அவர் பார்க்கவில்லை.

பெண்கள் சேலை பிடித்து மறைக்க, திவ்யா அம்மாவைக் குளிப்பாட்டினாள். முந்தானையிலிருந்த சாவியை அதற்கு முன்னால் அவிழ்த்து அப்பாவின் கையில் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

காரியங்கள் கழிந்த மறுநாள் காலை ஜீப் வந்தது. திவ்யா பார்த்தபோது அப்பா தோட்டத்துப் பக்கம் கிணற்றடியில் நின்றிருந்தார். "பஸ் போயிருச்சே, ஜங்லிகாட் போகலையாப்பா?" என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

மூடியிலிருந்த சின்னக் கதவின் பூட்டை நாகலிங்கமே திறந்தார். சாவி சிரமமில்லாமல் திரும்பியது. யாரோ விடாமல் எண்ணெய் போட்டு வந்திருக்கிறார்கள். வைஜெயந்தி ரப்பர் கையுறை மாட்டி, குழாயை உள்ளே இறக்கி, முதலில் வந்த தண்ணீரைத் தனியே டிரம்மில் விட்டாள். பிறகு வந்ததை வாளியில் பிடித்தாள்.

அவர் குனிந்து வேட்டியின் நுனியை அந்த வாளியில் நனைத்தார். தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரியாது சார்" என்றாள் வைஜெயந்தி மெதுவாக. "லேப்ல பாத்தாத்தான்."

"தெரியும்மா. நீ பாத்துச் சொல்லு."

அவள் பாட்டில்களை நிரப்பி ஐஸ் பெட்டியில் அடுக்குவதற்குள் அவர் உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைக்க இரண்டு மூன்று தடவை முயலும் சத்தம் கேட்டது. திவ்யா உதவிக்கு எழுந்தவள், என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். டீயில் சர்க்கரை அதிகம். வைஜெயந்தி முகம் மாறாமல் குடித்து முடித்தாள்.

ஜீப் போன பிறகு நாகலிங்கம் டம்ளரோடு சமையலறைக்குள் போனார், கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்ததும் திவ்யா எட்டிப் பார்த்தாள். மேடையில் டம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது. அதைச் சுற்றி ஈரம் வட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது.